கடலைக்குட்டி

வாங்க சார், வாங்க. செருப்பை அங்கயே விட்டுட்டு இப்படிப் பின்பக்கமா வந்துடுங்க. வீட்டுக்குள்ள சாமான் எல்லாம் பரப்பிப் போட்டிருக்கு, நாளைக்கு விசேஷம். அந்தக் குழாய்ல கையைக் கழுவிக்கிட்டு இந்தத் துண்டுல துடைச்சுக்குங்க. கோவிச்சுக்காதீங்க, யார் வந்தாலும் இதைச் சொல்லாம விட மாட்டேன். எங்க அக்காவுக்கே சொல்லியிருக்கேன். வேற வீட்டு முயல் எதையாவது தொட்டுட்டு வந்தீங்களா? இல்லையா, சரி.

ஃபோன்ல கேட்டதையே இவன் திரும்பக் கேக்கறானேன்னு நினைக்காதீங்க. நேர்ல கேக்கறப்போதான் ஆளோட முகம் தெரியும். வீட்டுல பூனை இருக்கா? குழந்தை மடியில வச்சுக்கற வயசா, காதைப் பிடிச்சுத் தூக்கற வயசா? மேல் மாடின்னு சொன்னீங்களே, வெயில் காலத்துல கூரை கொதிக்குமே, என்ன பண்ணுவீங்க? ஏசியா. ஏசி காத்து நேரா மேல படக்கூடாது. கேரட்டு கேரட்டுன்னு எல்லாப் படத்துலயும் போடறாங்க, அதை நம்பி மூணு வேளையும் கேரட்டைக் குடுத்துடாதீங்க. புல்லுதான் சோறு அதுக்கு. காஞ்ச புல்லு நிறைய மெல்லணும், மென்னாத்தான் பல்லு தேயும். தேயலைன்னா பல்லு வளர்ந்துக்கிட்டே போய் வாயை மூட முடியாம பட்டினியில செத்துடும். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், பட்டினி கிடக்குதுன்னே தெரியாது.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

இதோ, இவன்தான் கலெக்டர். நான் வச்ச பேரு இல்ல, என் பெரிய பொண்ணு ரேணுகா வச்சது. யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டான், உக்காந்த இடத்துலயே பார்ப்பான். காதைப் பாருங்க, என் கட்டை விரல் அளவுதான். தலை உருண்டையா, கழுத்தே இல்லாம. பெங்களூர் ஷோவுல முதல் பரிசு வாங்கினவன். ஜட்ஜு தூக்கிப் பார்த்துட்டுக் கீழ வைக்க மனசில்லாம கையிலயே வச்சிருந்தார். இந்தக் குட்டை ஜாதியில இப்படி ஒண்ணு அமையறது லேசு இல்ல சார்.

பக்கத்துக் கூண்டுல இருக்கறவ வெளியூர்க்காரி. ஆமா, பெருசுதான். காது நீளம், மூஞ்சியும் நீளம், ஷோவுக்குக் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். நீங்க மூஞ்சியைச் சுளிக்கறது தெரியுது. எல்லாரும் சுளிப்பாங்க. ரெண்டும் சின்னதா ஒரு ஜோடி வேணும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. தரமாட்டேன். இவனுக்கு ஜோடியா ஒரு சின்னப் பொட்டை இருந்துச்சு, அதைப் பக்கத்து ஊர் தளியில ஒரு கல்யாணம் ஆகாத அம்மாவுக்குக் குடுத்துட்டேன், ஒத்தையா வச்சுக்கறேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு. உங்களுக்குக் கலெக்டரும் வெளியூர்க்காரியும்தான். காசு எதுவும் வேண்டாம். ஆனா ஏன்னு நான் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் எடுத்துக்கிட்டுப் போகணும்.

நான் பூப் பண்ணையில சூப்பர்வைசரா இருந்தவன் சார். இந்த ஓசூர்ல ரோஜாவைத் தவிர வேற என்ன இருந்துச்சு அந்தக் காலத்துல. ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. மருமகன் லோகுதான் பெங்களூர்லேருந்து ஒரு ஜோடி வாங்கிட்டு வந்து குடுத்தான், இந்தக் கலெக்டரும் அந்தச் சின்னப் பொட்டையும். ரெண்டும் சின்னது, ரெண்டும் அழகு. எனக்கு என்ன தெரியும், சேர்த்து விட்டேன். பொட்டையைத்தான் ஆண் கூண்டுக்குக் கொண்டுபோகணும், ஆணை அவ கூண்டுக்குள்ள விட்டா கடிச்சு வச்சுடுவா, அது மட்டும் தெரியும். மாசம் ஆச்சு. தன் வயித்து முடியைத் தானே பிடுங்கி மெத்தை போட்டா. மறுநாள் காலையில பெட்டியைத் திறந்து பார்க்கறேன், முடிக்குள்ள குட்டிங்க நெளியுது.

அதுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. மத்ததுல பாதிகூட இல்ல. தலை மட்டும் பெருசு, இடுப்புக்குக் கீழ சூம்பிப் போய், காது ரெண்டும் எங்கயோ பின்னாடி ஒட்டிக்கிட்டு. வேர்க்கடலை மாதிரி. இங்கிலீஷ்லயும் அப்படித்தான் சொல்றாங்களாம், பீநட்டுன்னு. நான் கடலைக்குட்டின்னு சொல்லுவேன். உயிரோட இருக்கும் சார், அதுதான் கொடுமை. பால் குடிக்கப் பார்க்கும், நெளியும், கத்தும். பார்த்தா, கொஞ்சம் கவனிச்சா தேறிடும்னு தோணும். தேறாது. உலகத்துல ஒரு டாக்டராலயும் தேத்த முடியாது. ரெண்டு நாள், மூணு நாள். அவ்வளவுதான்.

அப்போ ரேணு இங்கதான் இருந்தா. முதல் குழந்தை போனதுக்கு அப்புறம், உடம்பு தேறட்டும்னு அவ அம்மா இங்க அழைச்சுக்கிட்டு வந்துட்டா. பையன் சார். பிறந்தப்போ நல்லாத்தான் இருந்தான், என்னைப் பார்த்துச் சிரிப்பான். போகப் போகக் கழுத்து நிக்கல. எடுத்தது எல்லாம் நழுவிப் போகுது, பார்வை நிலைகுத்தி நிக்குது. முதல் பிறந்தநாளுக்கு நான் வாங்கி வச்ச வெள்ளிக் கொலுசு பீரோவுல அப்படியே இருக்கு. சரி, அதை விடுங்க.

அந்தக் கடலைக்குட்டியை அவதான் எடுத்தா. நான் வேண்டாம்னு சொல்லல. இங்க் ஃபில்லர்ல பால் விட்டா, உள்ளங்கையில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. சோறு தின்னக் கூப்பிட்டாலும் ஒரு கையை மூடி வச்சுக்கிட்டேதான் வருவா. அதுவும் போச்சு. கொய்யா மரத்தடியில புதைச்சா. அழல. அடுத்த ஈத்து வந்துச்சு, அதுலயும் ஒண்ணு. அதுக்கு அடுத்ததுல ரெண்டு.

எனக்குப் பொறுக்கல சார். கோத்தகிரியில எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க, இந்த ஜாதியை ரொம்ப வருஷமா வளர்க்கறவங்க. ஷோவுல பார்த்துப் பழக்கம். அவங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். நல்லாத் திட்டினாங்க. "குட்டையும் குட்டையும் சேர்த்தா வராம என்ன பண்ணும் முனிரத்தினம்? வளர்க்கறதுக்கு முன்னாடி கேக்க மாட்டீங்களா?"ன்னாங்க. அப்புறம்தான் பொறுமையா விளக்கினாங்க.

உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க, இதுக்காகத்தான் உக்கார வச்சிருக்கேன். குட்டிக்குத் தாய்கிட்டேருந்து ஒண்ணு வரும், தகப்பன்கிட்டேருந்து ஒண்ணு வரும். கலெக்டர் மாதிரி இருக்கான் பாருங்க, இவனுக்குள்ள ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. அதனாலதான் இந்த அழகு. இவனை மாதிரியே ஒருத்தியைக் கொண்டுவந்து சேர்த்தீங்கன்னா, சில குட்டிக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் குட்டையே வந்துடும். அது பிழைக்காது. தாயும் நல்லா இருக்கும், தகப்பனும் நல்லா இருப்பான், கப்பு எல்லாம் வாங்குவான், ஆனா ரெண்டு பேருக்குள்ளயும் தூங்கிக்கிட்டிருக்கறது ஒண்ணா முழிச்சுக்கிட்டா குட்டி போச்சு. அதே கலெக்டரை இந்த மாதிரி நீளக் காதுக்காரியோட சேர்த்துப் பாருங்க. ஒண்ணுகூட வராது. எத்தனை ஈத்து போட்டாலும் ஒரு கடலைக்குட்டி வராது. அழகான குட்டியும் குறையாது, அப்பவும் பாதி சின்னது, பாதி பெருசு. இவ்வளவுதான் சார் விஷயம். இது தெரியாம எத்தனை பேரு ஜோடி ஜோடியா வித்துக்கிட்டு இருக்கானுங்க. நான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன், பெருசு அசிங்கம்னு ஒதுக்காதீங்க, உங்க கூட்டத்தைக் காப்பாத்தறதே அவதான்னு.

டீச்சர் அவங்க வீட்டுலேருந்தே இவளைக் குடுத்தாங்க. பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். மலை இறங்கற வரைக்கும் என் சட்டையை நக்கிக்கிட்டே வந்தா.

ரேணுகிட்ட இதை எல்லாம் விளக்கிச் சொன்னேன். எனக்கு ஒரு சந்தோஷம், இனிமே நீ மண்ணு தோண்ட வேண்டாம்மான்னு சொன்னேன். அவ கூண்டுக்கிட்ட நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. "ரெண்டு பேரைப் பார்த்தா ஒண்ணும் குறை தெரியாதாப்பா?"ன்னு கேட்டா. தெரியாதும்மா, நல்லா ஓடும் ஆடும்னேன். "வெளியிலேருந்து ஒண்ணு கொண்டுவந்தா சரியாப் போயிடுமா?"ன்னு கேட்டா. ஆமாம்னேன். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. சாயங்காலம் லோகுவுக்கு ஃபோன் போட்டு வந்து அழைச்சுக்கிட்டுப் போகச் சொல்லிட்டா. மறுபடி மனசு மாறிப் புருஷன் வீட்டுக்குப் போறான்னு நானும் என் வீட்டுக்காரி பத்மாவும் சந்தோஷப்பட்டோம்.

என்ன கேட்டீங்க? லோகுவா? சொந்தம்தான் சார். என் வீட்டுக்காரியோட கூடப்பிறந்த தம்பி. ரேணுவுக்குத் தாய்மாமன். பத்மாவுக்கு ரொம்ப ஆசை, தம்பி கையைவிட்டுப் போகக் கூடாது, பொண்ணும் கண்ணு முன்னால இருக்கணும்னு. எங்க பக்கம் இது வழக்கம்தானே. வெளியில கொடுத்தா அவன் குடிகாரனா சூதாடியான்னு யாருக்குத் தெரியும். லோகு தங்கம் சார். ரெண்டு குழந்தை போயும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்ல.

ஆமா, ரெண்டு. ரெண்டாவது பிறந்தது பொண்ணு. அது முதல் பையன் இருந்த நாள்கூட இருக்கல. எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கிட்டோம், சந்திரசூடேஸ்வரர் மலைக்கு நான் முட்டி வலியோட படி ஏறினேன். அதே மாதிரி, அதே கழுத்து, அதே பார்வை. எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு என்ன பண்ண முடியும்? தொட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, கையைப் பிசைஞ்சுக்கிட்டு, என் பேத்தி கொஞ்சம் கொஞ்சமாப் போறதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த மாதிரி ஒரு நிலைமை எந்த மனுசனுக்கும் வரக்கூடாது.

அதுக்கு அப்புறம் உங்க பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரியில புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்திருக்காங்க. சொந்தத்துல கட்டினதுதான் காரணம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். ஒரே கோளாறு ரெண்டு பேருக்குள்ளயும் தூங்கிக்கிட்டு இருக்குதாம். டாக்டருங்களுக்கு எதையாவது சொல்லணும் இல்ல சார்? நான் ஒத்துக்க மாட்டேன். எங்க அப்பா அம்மா யாரு? மாமன் மகள், அத்தை மகன். எங்க தாத்தா பாட்டியும் அப்படித்தான். நாங்க எல்லாம் குத்துக்கல்லாட்டம் இல்லையா? எங்க அம்மாவுக்கு எனக்கும் அக்காவுக்கும் நடுவுல ரெண்டு தங்கலைன்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல யார் வீட்டுலதான் எல்லாம் தங்குச்சு?

கலெக்டரைத் தூக்கிப் பாருங்க சார், பயப்படாதீங்க. ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்னாடி. பின்னங்கால் தொங்கக்கூடாது, உதைச்சான்னா அவன் முதுகெலும்பே உடைஞ்சிடும். அப்படித்தான். உங்க மேல சாஞ்சுக்கிட்டான் பாருங்க.

என் மனசுல இருக்கறது வேற சார். சின்னவ சிந்துஜா விஷயம். அவளுக்குத்தான் நாளைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை என் அக்கா பையன் கிரிதர். ஆமா, இதுவும் சொந்தம்தான்.

எங்க அக்கா அலமேலுவைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். எங்க அம்மா போனப்போ நான் அரை நிக்கர் போட்டுக்கிட்டிருந்தேன். அக்காவும் சின்னப் பொண்ணுதான். என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துல விட்டது அவதான். என்னை விட்டுட்டுப் போக மாட்டேன்னு வந்த வரனை எல்லாம் தட்டிக் கழிச்சு ரொம்பத் தாமதமாத்தான் கல்யாணமே பண்ணிக்கிட்டா. அந்த மாமாவும் சீக்கிரம் போயிட்டார். அவர் படுக்கையில கிடந்தப்போ, அக்கா காலடியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கவலைப்படாம போங்க மாமா, என் பொண்ணு உங்க பையனுக்குத்தான்"னு சொன்னேன். அவர் கண்ணை மூடினார். சிந்து அப்போ பாவாடை கட்டிக்கிட்டு வாசல்ல விளையாடிக்கிட்டிருந்தா. கிரி பக்கத்துல நின்னான். அன்னையிலேருந்து அது முடிவான விஷயம். ஊருக்கே தெரியும். பசங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஆசைதான்.

ரேணு வந்து நின்னா. நிச்சயம் பேச்சு எடுத்ததும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டா. வேண்டாம்னு சொல்லல அவ, அதை நான் சொல்லணும். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லல. ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்கப்பா, அதுக்கு அப்புறம் உங்க இஷ்டம்னு சொன்னா. ஒண்ணும் இல்லைன்னு வந்தா நானே முன்னால நின்னு ஆரத்தி எடுக்கறேன்னா. சிந்துவைக் கேட்டிருக்கா, "அப்பா சொன்னா வர்றேன்க்கா"ன்னு சொல்லியிருக்கா. கிரியைக் கேட்டிருக்கா, அவன் "மாமா சொன்னா சரி"ன்னுட்டான். எல்லாம் என் தலையில வந்து நின்னுச்சு.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "மனுசனையும் முயலையும் ஒண்ணா வச்சுப் பேசறியா?"ன்னு சத்தம் போட்டேன். அவ முயல் பேச்சே எடுக்கல சார். நான்தான் எடுத்தேன். அவ என்னைப் பார்த்துட்டுச் சமையல்கட்டுக்குள்ள போயிட்டா. அங்க பத்மா இருந்தா. பத்மா இந்த விஷயத்துல வாயே திறக்கறதில்ல. அவ எப்படித் திறப்பா? திறந்தா, தன் தம்பிக்குப் பொண்ணைக் கொடுத்தது தப்புன்னு தானே சொன்ன மாதிரி ஆயிடாதா? கண்ணீர் வடியும், பாத்திரம் தேய்ப்பா, அவ்வளவுதான்.

நீங்க படிச்சவங்க, ஒரு டெஸ்ட்டுதானே, எடுத்துட்டா என்னன்னு நினைக்கறீங்க. எங்க அக்காகிட்ட போய் நான் எப்படிச் சொல்றது? உன் பையன் ரத்தம் சரியா இருக்கான்னு பார்க்கணும்னு சொன்னா, அவளுக்கு அது எப்படிக் கேக்கும்? தம்பி பேச்சு மாறிட்டான், பொண்ணைத் தராம இருக்கறதுக்கு வழி தேடறான்னுதானே கேக்கும். அவ ரத்தம்னா அது என் ரத்தம்தானே. சரி, அவளுக்குத் தெரியாமலே எடுத்துடலாம்னு வையுங்க. ரேணு அதையும் சொன்னா. எடுத்து, இருக்குதுன்னு வந்துட்டா? அப்போ நான் என்ன பண்ணுவேன்? கல்யாணத்தை நடத்த முடியுமா? நிறுத்த முடியுமா? இப்போ எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் நான் அக்கா முன்னால நிக்க முடியும்.

இருந்தாலும் ஒரு நாள் போனேன் சார். போகலைன்னு நினைக்காதீங்க. எப்படியாவது காதுல போட்டுடுவோம்னு அக்காவை இங்கயே அழைச்சுக்கிட்டு வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடத்துல உக்கார வச்சேன். நேராச் சொல்லல. முயலை வச்சே ஆரம்பிச்சேன். கடலைக்குட்டியைப் பத்திச் சொன்னேன். தாய்கிட்டேருந்து ஒண்ணு, தகப்பன்கிட்டேருந்து ஒண்ணுன்னு, உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். ரேணு அதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்ததைச் சொன்னேன். வெளியூர்க்காரியைக் காட்டி, இவ வந்ததும்தான் அக்கா எல்லாம் சரியாச்சுன்னு சொன்னேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றது? சொல்லிட்டு அவ வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அக்கா எல்லாத்தையும் கேட்டா. கண்ணு கலங்கிடுச்சு. என் தலையைத் தடவிக் குடுத்தா. "இவ்வளவு நாளா இதை என்கிட்ட சொல்லலையேடா ரத்தினம்"னா. புரிஞ்சுக்கிட்டாடா சாமின்னு நினைச்சேன். "அந்த வாயில்லாக் குட்டிங்க பாவம்தாண்டா ரேணு வயித்துல விழுந்திருக்கு. பிழைக்காதுன்னு தெரிஞ்சே பிறக்க வச்சிருக்கியே. சிந்து கழுத்துல மாலை ஏறறதுக்கு முன்னாடி இதுங்களை எல்லாம் நல்ல கையாப் பார்த்துக் குடுத்துடு. அவளுக்காவது ஒண்ணும் ஆகக்கூடாது"ன்னா.

அப்போ எனக்கு என்ன தோணுச்சுன்னு நினைக்கறீங்க? நிம்மதியா இருந்துச்சு சார். பொய் சொல்லல. எத்தனையோ மாசமா கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தவனுக்கு, செய்யறதுக்கு ஒரு வேலை கிடைச்சுச்சு. முயலைக் குடுக்கறது என்னால முடியும். சரிக்கான்னு சொல்லிட்டேன். மறுநாளே விளம்பரம் போட்டுட்டேன். நீங்க பார்த்தது அதுதான்.

அக்கா சொன்னதை நான் நம்பறேனான்னு கேக்கறீங்களா? அதை என்கிட்ட கேக்காதீங்க. அவளும் என் மாதிரிதான், ஏதாவது செய்யணும்னு தவிக்கறா. ரேணு குழந்தைங்களைத் தூக்கி வளர்த்தவ சார் அவ. அந்தப் பையன் அக்கா மடியிலதான் போனான்.

ரேணுவுக்கு நானேதான் ஃபோன் போட்டுச் சொன்னேன். அம்மா ரேணு, முயலை எல்லாம் குடுக்கப் போறேன், அத்தை சொல்லிட்டாங்க, இனிமே இந்த வீட்டுல எந்தப் பாவமும் இல்ல, நீ கிளம்பி வந்துடும்மா, சிந்துவுக்கு அக்கா நீ, நீதான் தட்டு எடுக்கணும்னு சொன்னேன். "முயலையாப்பா குடுக்கறீங்க?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். வச்சுட்டா. அதுக்கு அப்புறம் எடுக்கறதே இல்ல. லோகு எடுப்பான், இருக்கா மாமான்னு சொல்லுவான், குடுக்க மாட்டான். வீட்டுப் பக்கம் வர்றதில்ல, அம்மாகிட்டகூடப் பேசறதில்ல. நாளைக்கும் வர மாட்டா.

பெத்த அப்பன் மேல இவ்வளவு கோவம் வரலாமா சார்? அவ மண்ணு தோண்டறதைப் பார்க்கப் பொறுக்காம என் முயல் வளர்ப்பையே மாத்தினவன் நான். கோத்தகிரி வரைக்கும் போயி, அசிங்கமா இருந்தாலும் பரவால்லைன்னு இவளை மடியில வச்சுக்கிட்டு வந்தவன். இவ வந்ததுக்கு அப்புறம் ஒரு ஷோவுக்கும் போகல. ஒரு குட்டி வீணாப் பிறக்கக்கூடாதுன்னு அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கேன். அதை எல்லாம் அவ நினைச்சுப் பார்க்க வேண்டாமா?

இந்தாங்க, இந்தப் புல்லு மூட்டையும் எடுத்துக்குங்க. புது இடத்துல புது தீனி ஒத்துக்காது, கொஞ்ச நாளைக்கு இதையே குடுங்க. ரெண்டையும் தனித்தனிக் கூண்டுலயே வைங்க. குட்டி பிறந்தா, பெரிய காதுக் குட்டியைக் கேக்கறவங்களுக்கு முதல்ல குடுங்க, சின்னதைச் சின்னதோட சேர்க்க மாட்டேன்னு சொல்றவங்களுக்குக் குடுங்க. கேட்டுத்தான் குடுக்கணும். கூச்சப்படாதீங்க. ஒரு வார்த்தை கேக்கறதுல நமக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

வாசல்ல பந்தல் போட்டிருக்கறதைப் பார்த்தீங்களா? கிரிதான் நின்னு போட்டான். மாப்பிள்ளை வேலை செய்யக்கூடாதுடான்னு சொன்னா கேக்கல, என் மாமா வீட்டு வேலைன்னு ஏணியில ஏறிட்டான். சிந்து தண்ணி கொண்டுபோய்க் குடுத்தா. அவன் என்னமோ சொன்னான், அவ சிரிச்சா. நான் இந்தக் கூண்டுகிட்ட நின்னுக்கிட்டு ரெண்டு பேரையும் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன் சார். முயலா இருந்தா காதைப் பார்த்தே சொல்லிடுவேன், இதுக்குள்ள இருக்கு, அதுக்குள்ள இல்லைன்னு. இவங்களை ஏற இறங்கப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், நடையைப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுச்சு. ரெண்டு பேருக்கும் எங்க அம்மா மூக்கு, அச்சு அசல். பார்க்கறவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க சார், என்ன பொருத்தம்னு.